ஊர்காவலும் போலீஸும்: பாரிஸ் முதல் பாராமகால் வரை

மக்கள் கூடி வாழத் தலைப்பட்ட நாள்தொட்டே காவலும் உடன் தோன்றிற்று. உழவன் விளைத்ததைக் கள்வன் கொள்ளாமலும், ஆயன் மேய்த்த நிரையைப் பகைவன் கவராமலும், வழிச்செல்வோன் ஆறலை கள்வர் கையில் அகப்படாமலும் இருத்தற்கு எவரேனும் ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். ஒருவர் விழித்திருத்தலாலேயே ஊரார் உறங்குகின்றனர். ஆயின், அங்ஙனம் விழித்திருப்பவர் யாவர்? அவரை அத்தொழிலில் அமர்த்தியவர் யாவர்? அவரே தவறிழைப்பின் அவரைக் கேட்பவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காணுதல் எளிதன்று. ஒவ்வொரு நாட்டின் காவல் வரலாறும் இவற்றிற்கு அந்நாட்டார் கண்ட விடைகளின் வரலாறே எனலாம்.

பிரெஞ்சு நாட்டிற் காவலை ஒரு தனித்துறையாக அமைத்த இலா ரெய்னி என்பாரையும், நம் சென்னை மாகாணத்திற் போலீஸ் படையை முதன்முதல் தலைமை தாங்கி நடத்திய வில்லியம் இராபின்ஸன் என்பாரையும் ஒருங்கு வைத்து நோக்கி, அவர்தம் பணியால் எங்கள் தருமபுரி நாட்டார் அடைந்த நலமும் அடையாத நலமும் இவையெனச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைக் காவல்

தருமபுரி என்பது பண்டை நாளிற் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். இந்நாட்டிலும் இதனை அடுத்த செங்கத்துப் பகுதியிலும் நடுகற்கள் மிகப் பல. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நிற்கும் கற்களைக் கண்டோர், வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர் உருவங்களையும், அவற்றின்மேல் வட்டெழுத்தால் வெட்டிய சில வரிகளையும் மறவார். பகைவர் கவர்ந்த தொறுவை, அஃதாவது ஆநிரையை, மீட்கச் சென்று பட்டவர்களின் நினைவாக எழுந்தவை அவற்றுட் பல. நிரை மீட்கும் இச்செயலையே தமிழிலக்கணம் கரந்தை என்று போற்றுகின்றது. தொல்காப்பியர் அதனை வெட்சித்திணையுள் அடக்கினார்; புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் அதனைத் தனித்திணை ஆக்கினார்.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் உள்ள நடுகல் ஒன்று வியப்புடையது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது அது. தலைவன் பட்டு வீழ்ந்த பின்னரும், கோவிவன் என்னும் அவன் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். நன்றி மறவா ஊரார் வீரனோடு நாயையும் கல்லிற் பொறித்து, அதன் பெயரையும் எழுதி வைத்தனர். காவற்றொழிலின் முதற்பண்பு யாது என வினவுவார்க்கு இக்கல்லே விடை கூறும்.

எனினும், காவலையே தொழிலாகக் கொண்டு, எழுதிய விதியின்படி நடந்த ஒரு தனிப்படையை இக்கற்கள் காட்டவில்லை. பகை வந்துழி வில்லெடுத்தவனே காவலன். நகரங்களிலோ அரசன் அமர்த்திய ஊர்காவலர் இருந்தனர். மதுரைத் தெருக்களில் நள்ளிரவிற் கள்வரைத் தேடித் திரிந்த காவலரை மதுரைக்காஞ்சி வருணிக்கின்றது. அவ்வூர்க் காவலே கோவலனுக்குக் கூற்றாயிற்று என்பது சிலப்பதிகாரம் பயின்றோர் யாவரும் அறிந்தது. பொற்கொல்லன் சொல்லை நம்பி மன்னன் ஏவ, காவலர் சென்றனர். கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என ஐயுற்றோரும் அவருள் இருந்தனர். ஐயம் இருந்தது; ஆனால் ஐயத்தை மேலிடத்துக்கு எடுத்துரைக்க வழியில்லை. உசாவுதற்கு முன்னரே ஒருவன் வாள் வீசினான். காவலின் குற்றங்கள் அனைத்தினுக்கும் வித்து, கேளாமல் ஒறுத்தலே என்பதை அடிகள் அன்றே காட்டினார்.

பிற்காலத்தில் ஊர்தோறும் தலையாரி இருந்தார். மானியமாக விட்ட நிலமும், களத்திற் பெறும் தானியப் பங்கும் அவருக்குரிய ஊதியம். களவு போன மாட்டைத் துப்புக் கண்டு மீட்பதற்குத் துப்புக்கூலி என்று பணம் கொடுக்கும் வழக்கமும் நாட்டிற் பரவியிருந்தது. சென்னைப் பட்டணத்திலோ பெத்தநாயக்கர் என்னும் பட்டமுடையார் தம் சேவகரைக் கொண்டு பட்டணத்தைக் காத்தனர். பெத்துநாயக்கன்பேட்டை என்னும் பெயர் அவர் நினைவாக இன்றும் நிலவுகின்றது. அவர் காவலில் ஒரு பொருள் களவு போயின், அதன் விலையை அவரே உடையவனுக்கு ஈடு செய்தல் வேண்டும் என்பது அந்நாளைய ஒப்பந்தம். களவைத் தடுக்கத் தவறியவனே இழப்பைத் தாங்குக என்னும் இம்முறை குறையுடையதாயினும், காவலனைப் பொறுப்பாளி ஆக்கியது. கொத்தவால் என்னும் நகரக் காவலதிகாரியின் பெயரைக் கொத்தவால் சாவடி இன்றளவும் சுமந்து நிற்கின்றது.

பாரிஸ் நகரில் இலா ரெய்னி

இனி மேனாட்டை நோக்குவோம். பதினேழாம் நூற்றாண்டின் இடையில் பாரிஸ் நகரம் ஐரோப்பாவின் பெருநகரங்களுள் ஒன்று. ஆயினும் இரவில் இருண்டும் பகலிற் சேறு படிந்தும் கிடந்தது. இரப்போரும் திருடரும் கூடி வாழ்ந்த சில சந்துகளில் அரசனின் சேவகரும் நுழைய அஞ்சினர். 1665ஆம் ஆண்டிற் குற்ற வழக்குகளுக்குத் தலைவராயிருந்த தார்தியே என்னும் நீதியதிகாரியையும் அவர் மனைவியையும் திருடர் அவர்தம் வீட்டிலேயே கொலை செய்தனர். நீதிபதியின் வீடே காவலற்றதாயின் ஏழையின் குடிலுக்குக் காவல் ஏது?

பதினான்காம் லூயி மன்னரும் அவர்தம் அமைச்சர் கோல்பேரும் இதற்கு ஒரு வழி தேடினர். 1667ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து ஆணையொன்றாற் பாரிஸ் நகரின் போலீஸ் தலைவர் என்னும் புதுப்பதவி உண்டாயிற்று. வழக்குத் தீர்த்தலும் நகர் காத்தலும் பல வேளைகளில் ஒருவர் கையில் ஒவ்வாதன. ஒருவரால் இரண்டும் செய்து முடிக்கவும் இயலாது. ஆகலின் அவற்றைப் பிரித்தல் வேண்டும் என்பது அவ்வாணையின் கருத்து. இப்பிரிவே பிரெஞ்சுப் போலீஸின் பிறப்பு எனலாம்.

அப்பதவியை முதன்முதல் ஏற்றவர் கபிரியேல் நிக்கோலா தெ இலா ரெய்னி. லிமோஷ் நகரில் 1625இற் பிறந்த இவர், 1697 வரை முப்பது ஆண்டு அப்பதவியில் அமர்ந்திருந்தார், 1709இல் இறந்தார். போலீஸ் என்னும் சொல்லுக்கு அந்நாளில் இருந்த பொருள் மிக விரிந்தது. நகரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த அது, நகரின் நல்லொழுங்கு முழுவதையும் குறித்தது. ஆகவே, கள்வரைப் பிடித்தலோடு தெருவைத் துப்புரவு செய்தலும், தானியம் தடையின்றி வந்து சேர்கின்றதா எனப் பார்த்தலும், தீயை அணைக்க ஏற்பாடு செய்தலும், அச்சிடும் நூல்களை ஆராய்தலும் இலா ரெய்னியின் கடமையாயின.

அவர் செயல்களுள் நிலைத்த புகழ் பெற்றது தெருவிளக்கு. மெழுகுவர்த்தி ஏற்றிய கண்ணாடி விளக்குகளைக் கயிற்றாற் கட்டித் தெருக்களின் நடுவே தொங்கவிட்டுக் குளிர்கால இரவுகளில் ஏற்றச் செய்தார். சேறு வாரவும் விளக்கேற்றவும் வீட்டுக்காரரிடம் வரி பெறப்பட்டது. வாளால் ஆகாததை விளக்கு ஆக்கிற்று. கள்வன் வந்தபின் பிடிப்பதினும், அவன் வரும் வழியை ஒளியால் அடைப்பது மேலன்றோ? இக்கருத்தே அவர் பிற்காலத்தார்க்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் என்று எண்ணுகிறேன்.

ஆயினும் அவர் வரலாற்றிற் கருநிழலும் உண்டு. நஞ்சிட்டுக் கொல்லும் கூட்டமொன்று பாரிஸில் வெளிப்பட்டபோது, 1679 முதல் 1682 வரை தனி நீதிமன்றம் ஒன்று அமைந்தது. இலா ரெய்னியே புலனாய்வை நடத்தினார். அந்நாளைய சட்டம் இடங்கொடுத்தவாறு, வாக்குமூலம் பெறச் சித்திரவதையும் கையாளப்பட்டது. அரண்மனைக்கு அணியோர் பெயர்கள் வெளிவரவே விசாரணை நின்றது; இலா ரெய்னி இறந்த ஆண்டில் மன்னர் அவ்வழக்கின் ஏடுகளைத் தாமே எரிப்பித்தார். மேலும், 1685இல் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுரிமையை மன்னர் பறித்தபோது, பாரிஸ் நகரில் அவ்வாணையை நிறைவேற்றும் பொறுப்பும் போலீஸ் தலைவர்மேல் விழுந்தது. ஷாரந்தோனில் இருந்த அவர்தம் பெருங்கோயில் இடிக்கப்பட்டது. விளக்கேற்றிய கையே வழிபாட்டிடங்களை மூடவும் நீண்டது. அரசன் ஒருவனுக்கே பொறுப்புடைய காவலில், அரசன் நல்லனாயின் நலமும் அல்லனாயின் தீங்கும் விளையும்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954 வரை நிலவிய புதுச்சேரியில் அவர்தம் முறையின் சாயல் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிற் காணும் நயினார் என்பவர் அந்நகரக் காவற்றலைவர். நம் நாட்டுப் பட்டமும் அவர் நாட்டு அதிகாரமும் அவரிடத்து ஒன்றாயின. புதுச்சேரிக் காவலர் அணியும் சிவப்புத் தொப்பி அத்தொடர்பை இன்றும் நினைவூட்டும்.

வரி வாங்கும் கையும் காவற் கையும்

1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையாற் பாராமகால் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அலெக்சாந்தர் ரீட் என்பவர் அதனை ஆள வந்தார். அவருக்கு உதவியாளராய் வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் ஏழாண்டளவு வாழ்ந்து, நிலம் அளந்து வரி விதித்தார். இங்குத் தாம் வைத்த தோட்டத்தைப் பின்னாளிலும் அன்போடு நினைத்தார் என்பர். பின்னர் அவர் சென்னை மாகாணத்துக் கவர்னரானார்.

அம்மன்றோவின் கருத்தைத் தழுவி 1816இற் பிறந்த சட்டங்கள், நீதிபதியிடமிருந்த காவற்பொறுப்பைக் கலெக்டரிடம் மாற்றின. அவர்கீழ்த் தாசில்தாரும், ஊர்தோறும் மணியக்காரரும், அவருக்குத் துணையாகத் தலையாரியும் காவல் நடத்தினர். நாட்டு வழக்கத்தை ஒட்டியும் செலவு குறைந்தும் இருந்த இவ்வேற்பாடு நன்னோக்கத்தாற் செய்ததே. எனினும் அதனுள் ஒரு பெருங்குறை மறைந்திருந்தது. வரி தண்டும் கையும் காவல் செய்யும் கையும் ஒன்றாயின! வரி கொடாதவனைக் குற்றவாளியைப்போல் வருத்தலும், குற்றஞ்சாட்டப்பட்டவனிடம் வரிக்காரனைப்போல் கறத்தலும் எளிதாயின. முறையிட வேண்டிய இடமும் அடித்த இடமும் ஒன்றேயாயின் ஏழை எங்குச் செல்வான்?

1854ஆம் ஆண்டு இலண்டன் பாராளுமன்றத்தில் இக்கொடுமை பேசப்பட்டது. சென்னை அரசாங்கம் எல்லியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழுவை அமைத்தது. குடிகள் பலர் நெடுந்தூரம் நடந்து சென்னைக்கு வந்து முறையிட்டனர். வர இயலாதோர் எழுதி அனுப்பினர். 1855இல் வெளிவந்த அறிக்கை, வரி தண்டுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் சித்திரவதை நடந்தது மெய்யே என்று உறுதி கூறிற்று. விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி என்னும் மரக்கருவியும், வெயிலில் நிறுத்துதலும், குனியவைத்துக் கட்டுதலும், உணவும் உறக்கமும் மறுத்தலும் அதில் இடம்பெற்றன. வெள்ளைக்கார அதிகாரிகள் இவற்றை ஏவினர் என்று குழுவினர் கூறவில்லை. ஆயினும், ஏவாமை ஒன்றே குற்றமின்மை ஆகாது. தம் பெயரால் நடப்பதை அறியாதிருந்த தலைமைக்கும் அதிற் பங்கு உண்டு. இவ்வறிக்கையைக் குறித்து 1857இல் காரல் மார்க்ஸ் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் எழுதினார் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

இராபின்ஸன் அமைத்த படை

குழுவின் முடிவு, வரித்துறையையும் காவற்றுறையையும் பிரித்தல் வேண்டும் என்பது. பாரிஸில் 1667இல் நீதியினின்றும் காவல் பிரிந்தது. சென்னையில் வரியினின்றும் பிரிய வேண்டியதாயிற்று. நோய் வேறாயினும் மருந்து ஒன்றே. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் இதனைச் செய்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரே படை, அதற்கு ஒரே தலைவர், ஜில்லா ஒவ்வொன்றுக்கும் ஒரு சூப்பரின்டெண்டென்ட், அவருக்குக் கீழ் இன்ஸ்பெக்டர், ஹெட்கான்ஸ்டபிள், கான்ஸ்டபிள் என வரிசை அமைந்தது. அயர்லாந்திலும் சிந்து நாட்டிலும் முன்னரே இருந்த படைகள் இதற்கு மாதிரிகளாயின.

இப்படையின் முதற்றலைவர் வில்லியம் இராபின்ஸன், சென்னைச் சிவில் உத்தியோகத்தர். பேரும் ஊரும் பதிவேட்டில் எழுதி, ஒரே உடையும் மாதச் சம்பளமும் கொடுத்து, கட்டளைக்கு அடங்கும் ஒரு படையை மாகாணமெங்கும் நிறுவுதல் அவர்முன் இருந்த பணி. அந்நாளிற் சேலம் ஜில்லாவின் பகுதியாயிருந்த தருமபுரிக்கும் இம்முறை வந்தது. தலையாரி நீக்கப்படவில்லை, ஊர்ச்செய்தி அறிந்தவர் அவரேயாகலின், புதிய போலீஸுக்குத் துணையாக நின்றார். 1860இல் இந்தியா முழுவதற்கும் போலீஸ் முறை வகுக்க அமைந்த குழுவில் இராபின்ஸனும் ஓர் உறுப்பினர். அதன் பயனே 1861ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம். சென்னையில் விளைந்த அனுபவம் இங்ஙனம் பிற மாகாணங்களுக்கும் பரவிற்று. இராபின்ஸன் 1875இற் சில மாதம் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தார்.

சென்னைக் கடற்கரையில் வெண்தூண்களோடு விளங்கும் போலீஸ் தலைமை அலுவலகமும் அவர் நினைவே. 1839இற் பிரீமேசன் சங்கத்தார்க்கென எழுந்த அக்கட்டடத்தை 1865இற் போலீஸார் வாடகைக்குப் பெற்று, 1874இல் விலைக்கு வாங்கினர். கடற்கரையில் உலாவும் மாணவருட் பலர் அதன் வரலாறு அறியாமலே அதனைக் கடந்து செல்கின்றனர்.

நிறைவும் குறையும்

இச்சீர்திருத்தத்தால் விளைந்த நன்மை பெரிது. வரிக்காகக் கிட்டி பூட்டும் வழக்கம் மறைந்தது. 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 29ஆம் பிரிவு, காவலில் உள்ளவனைத் தகாதவாறு வருத்தும் போலீஸ்காரனுக்குத் தண்டனை விதித்தது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் கூறிய குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிரான சாட்சியாகக் கொள்ளலாகாது என்னும் விதியும் அவ்வாண்டிலேயே சட்டத்தில் ஏறிற்று. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக நின்ற அவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் வாழ்கின்றது. காவலனை அமைத்த அரசே அவன் பெற்ற வாக்குமூலத்தை நம்ப மறுக்கும் இவ்விதியிற் பழைய கிட்டியின் நினைவு மறைந்து கிடக்கின்றது.

குறையும் சிறிதன்று. புதிய படை குடிகளின் படையாகாது, ஆள்வோரின் படையாகவே வளர்ந்தது. 1902ஆம் ஆண்டில் அமைந்த பிரேசர் குழுவே அதன் திறமையின்மையையும் கைக்கூலியையும் கொடுமையையும் வெளிப்படக் கூறிற்று. 1911இற் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. பிறந்த குழந்தையையும் பிறப்பினாலேயே ஐயுறும் அச்சட்டத்தை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னையில் 1947இலும், இந்தியா முழுவதிலும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது.

அரசு மாறிய பின்னரேனும் குறை தீர்ந்ததா என வினவின், எங்கள் மாவட்டமே தலைகுனிந்து விடை கூறல் வேண்டும். தருமபுரி 1965 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளிலே, தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்து அரூர் வட்டத்திற் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் ஊர். 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி, வனத்துறையினரும் போலீஸாரும் வருவாய்த்துறையினரும் ஒருங்கே அவ்வூருட் புகுந்தனர். மக்களை அடித்தனர், வீடுகளைச் சூறையாடினர், பெண்கள் 18 பேரைக் கற்பழித்தனர். 1859இற் சட்டம் பிரித்து வைத்த கைகள் அன்று ஒன்றாகச் சேர்ந்தன.

அவ்வூரார் வாளாவிருந்திலர். எழுத்தறிவு குறைந்தோரும் ஏழையருமாகிய அவர்கள், ஆண்டுதோறும் நீதிமன்றத்துப் படியேறினர். மத்தியப் புலனாய்வுத் துறையினர் ஆராய்ந்து 269 பேர்மீது குற்றஞ்சாட்டினர். 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்த 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோராண்டு கழித்துக் கிடைத்த நீதி அது. நீதி காலந்தாழ்த்தது என்று வருந்துவதா, ஏழையர் சொல் இறுதியில் வென்றது என்று மகிழ்வதா என்று அறியாது என் உள்ளம் திகைக்கின்றது. ஆயினும் ஒன்று தெளிவு: 1855இல் நெடுந்தூரம் நடந்து முறையிட்ட குடிகளுக்கும், வாச்சாத்தியிலிருந்து தருமபுரிக்கு வந்து சாட்சி கூறிய பெண்களுக்கும் இடையே வேற்றுமையில்லை. காவலைத் திருத்தியவர் ஆணையிட்ட மன்னரும் சட்டம் எழுதிய அதிகாரிகளும் மட்டும் அல்லர். அஞ்சாது முறையிட்ட எளியோரும் ஆவர்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களை மீண்டும் நோக்குவோம். காப்பவர் யாவர் என்பதற்குப் பழையோர் வில்லெடுத்த வீரனையும் தலையாரியையும் காட்டினர். அமர்த்தியவர் யாவர் என்பதற்கு இலா ரெய்னியின் பாரிஸும் இராபின்ஸனின் சென்னையும் அரசையும் சட்டத்தையும் காட்டின. அவர் தவறின் கேட்பவர் யாவர் என்பதற்கு முழுவிடை இன்னும் எழுதி முடியவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் டி. கே. பாசு வழக்கில், கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெரியும்படி வருதல் வேண்டும், கைதுக்குறிப்பு எழுதுதல் வேண்டும், உறவினர்க்கு அறிவித்தல் வேண்டும், கைதியை 48 மணிக்கொருமுறை மருத்துவர் பார்த்தல் வேண்டும் என விதிகள் வகுத்தது. இவ்விதிகளை ஏட்டில் வைத்தல் போதாது. குடிகள் அறிந்திருத்தல் வேண்டும். கல்லூரியிற் பயிலும் வாய்ப்புப் பெற்ற நாம், விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், கல்லாதார்க்கு இவற்றை எடுத்துரைப்பின் அதுவும் ஒரு விளக்கேற்றுதலே.

நம்மிற் சிலர் வருங்காலத்திற் போலீஸ் துறையிற் சேர்ந்து உயர்பதவி பெறவும் கூடும். அவர்க்கு ஒரு வேண்டுகோள். எடுத்தனூர் நடுகல்லை ஒருமுறை சென்று காண்க. அந்நாய் எவரிடமும் பட்டமும் பதவியும் பெற்றதன்று, காத்தது, அதனால் கல்லிற் பெயர் பெற்றது. கோவலனைக் கொன்ற காவலன் பெயரையோ இளங்கோவடிகள் எழுதவுமில்லை.